இந்திய–இலங்கை மீன்பிடிக் கூட்டுப் பணிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்: கடலையும் பேச்சில் சேருங்கள்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பாக் விரிகுடாவின் மேற்குக் கரையில் நாட்டுப்படகு மீனவர் வீட்டில் பிறந்து, இன்றும் அதே கரையில் குடியிருக்கும் ஒருத்தி எழுதும் மடல் இது. டெல்லியிலும் கொழும்பிலும் நீங்கள் மாறி மாறிக் கூடிப் பேசுவது எங்கள் வீட்டு அடுப்பு எரிவதைப் பற்றியது. அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

2016 நவம்பரில் இரு நாட்டு அமைச்சர்களும் டெல்லியில் சந்தித்து உங்கள் குழுவை அமைத்தபோது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீங்கள் கூட வேண்டும் என்று முடிவானது. உங்களிடம் ஒப்படைத்த வேலைகளில் முதலாவது, கடல் தரையை வாரும் இழுவை மடியை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஒழிப்பது. பிடிபட்ட மீனவர்களை ஒப்படைக்கும் நடைமுறையும் கூட்டு ரோந்தும் அதற்கு அப்புறம்தான். கொழும்பில் 2024 அக்டோபரில் நீங்கள் கூடியது ஆறாவது கூட்டம். எட்டு ஆண்டில் ஆறு. ஒவ்வொரு முறையும் செய்தியில் எங்கள் கண்ணில் படுவது எத்தனை பேர் விடுதலை, எத்தனை படகு பறிமுதல் என்பதுதான். முதலில் எழுதிய வேலை கடைசிக்குப் போய்விட்டது.

கைதுகளைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2024இல் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டார்கள். சுடுபட்டுச் செத்தவர்களின் வீடுகள் எங்கள் கரையில் இருக்கின்றன. எதிர்க்கரையில், 2009இல் போர் முடிந்து மறுபடி கடலுக்குப் போன வடக்கு மாகாண மீனவர், கடன் வாங்கி வாங்கிய வலையை இரவில் விரித்துவிட்டு, விடியும்போது எங்கள் பக்கத்து ரோலர்கள், அதாவது இழுவைப் படகுகள், அதை அறுத்துப் போயிருப்பதைப் பார்த்து நிற்கிறார். இரண்டு பக்கத்து வலியும் உண்மை. இந்த இரண்டுக்கும் கீழே, தண்ணீருக்கு அடியில், இன்னொரு அழிவு நடக்கிறது. அதை எடுத்துச் சொல்லத்தான் உங்கள் மேசையில் ஆளில்லை.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பாலான இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் தரை தட்டிவிடும். வெளிச்சம் அடிவரை இறங்கும். அதனால்தான் இங்கே கடல்தாழை இவ்வளவு செழித்தது. கடற்புல் என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். பாசி வேறு, இது வேறு. இதற்கு வேர் உண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டு உண்டு, தண்ணீருக்குள்ளேயே பூக்கும். இந்தியாவின் மிகப் பெரிய கடற்புல் பரப்புகள் இந்த விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும்தான் இருக்கின்றன. எதிரே யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிலும் மன்னார்ப் பக்கமும் அதே புல்தான். ஓரா மீன் மேய்வது அதில். இறாலும் நண்டும் குஞ்சாக ஒளிந்து தேறுவது அதில். விளைமீன் இரை தேடுவது அதில். எங்கள் வலையில் விழும் மீனில் பாதிக்கு அது பிறந்த வீடு.

இழுவை மடியின் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பக்கமும் கனமான பலகைகள் இருக்கும். அடிக்கயிற்றில் எடைக்குச் சங்கிலி. விசைப்படகு அதை மணிக்கணக்கில் இழுத்துப் போகும்போது பலகையும் சங்கிலியும் தரையைக் கீறிக்கொண்டே வரும். ஆழக் கடலில் மீனுக்கு மேலே ஏறித் தப்ப இடமாவது இருக்கும். பத்து மீட்டர் தண்ணீரில் எங்கே போகும்? போன வாரம் ஒரு படகு வாரிய இடத்தையே இந்த வாரம் இன்னொன்று வாருகிறது. வேரோடு பெயர்ந்த புல் மறுபடி பிடிக்க அவகாசமே கிடைப்பதில்லை.

விடியற்காலையில் ஒரு நாள் மீன் இறங்குதளத்துக்கு வந்து பாருங்கள். இறால், கணவாய், நண்டு எல்லாம் கூடை கூடையாகப் பிரிந்து ஏலத்துக்குப் போன பிறகு படகின் தளத்தில் ஒரு குவியல் மிஞ்சிக் கிடக்கும். சங்காயம் என்போம். அதைக் கையால் கிளறிப் பார்த்தால்தான் கடலுக்கு என்ன நடக்கிறது என்று புரியும். விரல் நீளம்கூட வளராத காரல் பொடி. நகத்தளவு நண்டு. உள்ளங்கையில் அடங்கும் திருக்கைக் குஞ்சு. வாலைப் புல்லில் சுற்றியபடியே செத்த கடல் குதிரை. நட்சத்திர மீன், உடைந்த சங்கு, இவற்றையெல்லாம் பின்னிக்கொண்டு வேரோடு வந்த தாழை. மண்வெட்டியால் வாரிப் போட்டுக் காயவைத்தால் மீன்தூள் ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகும். கடல் குதிரையைப் பிடிப்பதும் விற்பதும் 2001 முதல் இந்தியாவில் குற்றம். சங்காயத்துக்குள் இருந்தால் யாரும் கேட்பதில்லை. நல்ல விலை போகும் மீனின் வரத்துக் குறையக் குறைய இந்தக் குவியலுக்கும் நல்ல விலை வருகிறது. டீசல் காசை இதிலிருந்து எடுக்கிறார்கள். குஞ்சை விற்றுத் தாயைத் தேடிப் போகிறோம். இது எவ்வளவு காலம் ஓடும்?

கடல்பசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பெரியவர்கள் ஆவுளியா என்பார்கள். கறிக்காக வெட்டி விற்ற காலமும் இதே கரையில் இருந்தது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ கடற்புல் மேயும் விலங்கு அது. புல் இல்லாத இடத்தில் பிழைக்காது. ஒரு கன்று ஈன்றால் அடுத்தது வர மூன்றிலிருந்து ஏழு ஆண்டுகள் ஆகும். மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இந்தியக் கடல்கள் எல்லாவற்றிலும் சேர்த்து மிஞ்சியிருப்பவை சில நூறுதான்.

தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரையுள்ள கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. மனமார வரவேற்கிறேன். வலையில் தவறிச் சிக்கிய கடல்பசுவை, வலை போனால் போகட்டும் என்று அறுத்துவிட்டு உயிரோடு அனுப்பும் மீனவர்களுக்கு வனத்துறை பாராட்டும் பரிசும் தருகிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் இன்று இளைஞர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு தலைமுறைக்குள் வந்த இந்த மாற்றத்தைக் குறைத்து எடை போட வேண்டாம்.

இலங்கையிலும் கடல்பசு சட்டப் பாதுகாப்புள்ள விலங்குதான். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியோடு நடந்த கடல்பசு, கடற்புல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த எட்டு நாடுகளில் இலங்கையும் ஒன்று. இந்தியா அதில் இல்லை. எங்கள் பக்கத்துப் பாதுகாப்பகத்தில் இலங்கைக்கு வேலையில்லை. எங்கள் ஆய்வாளர்கள் எங்கள் பக்கத்தில் தென்படுவதை எண்ணுகிறார்கள், அங்குள்ள வனசீவராசிகள் திணைக்களம் அவர்கள் பக்கத்தில் தென்படுவதை எண்ணுகிறது. நடுவில் 1974இல் இரு நாடும் போட்ட கடல் எல்லைக் கோடு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். ஒரே ஆவுளியா இரண்டு கணக்கிலும் ஏறியிருக்கலாம், இரண்டிலும் விடுபட்டும் இருக்கலாம். எத்தனை இருக்கின்றன என்றே சேர்ந்து எண்ணாத இரண்டு அரசுகள் அதைக் காப்பாற்றுகிறோம் என்று சொன்னால் எப்படி நம்புவது?

இலங்கைத் தரப்பு உறுப்பினர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். இழுவை மடியை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தீர்கள். அந்தத் துணிச்சல் எங்களுக்கு வரவில்லை; அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு இயற்கை ஒதுக்ககமாக அறிவித்த விடத்தல்தீவின் ஒரு பகுதியை, 2024இல் நீர்வாழ் உயிரினப் பண்ணைகளுக்காக விடுவித்து வர்த்தமானி (அரசிதழ்) அறிவிப்பு வந்தது. அதை எதிர்த்துச் சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. மன்னார்க் கடலில் வெடி போட்டு மீன் பிடிப்பதும் இன்னும் ஒழியவில்லை. புல்லும் கண்டல் (அலையாத்தி) மரமும் இருக்கும் இடம் அது. ரோலர் கெடுத்த கடல் என்று எங்களைக் கை காட்டுவது நியாயம்தான். அந்தக் கை உங்கள் கரையையும் காட்ட வேண்டும்.

கடலட்டைக்கு வருவோம். மண்புழு வயலுக்குச் செய்வதைக் கடலட்டை கடல் தரைக்குச் செய்கிறது. மண்ணை விழுங்கி, அதிலிருக்கும் அழுகலைத் தின்று, சுத்தமான மணலை வெளியே விடுகிறது. இந்தியாவில் 2001 முதல் அதைத் தொடவே கூடாது. இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னாரில் பண்ணைகளும் இருக்கின்றன. காய்ந்த அட்டைக்குச் சீனாவிலும் ஹாங்காங்கிலும் பெரிய விலை. விளைவு என்ன? எங்கள் கரையில் திருட்டுத்தனமாக எடுத்து அவித்துக் காயவைத்த அட்டை இரவோடு இரவாகக் கோட்டைத் தாண்டி, அங்கே சட்டப்படியான சரக்கோடு கலக்கிறது. ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் அட்டை மூட்டைகள் பிடிபட்ட செய்தி வராத மாதம் குறைவு. பிடிபடுவது பெரும்பாலும் மூட்டை சுமப்பவன், படகு ஓட்டுபவன். முதலாளிக்கு இரண்டு நாட்டுச் சட்டமும் வேறு வேறாக இருப்பதுதான் வசதி.

தடையே சரி என்றோ, பண்ணையே சரி என்றோ நான் வாதாட வரவில்லை. எங்கள் ஊர்களில் கடலில் முக்குளித்து அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் தடை வந்த அன்றே நடுத்தெருவுக்கு வந்தன. அங்கே பண்ணைக்காக ஆழமில்லாக் கடலை அடைத்துவிட்டதால் வலை போடும் இடம் போச்சு என்று சிறு மீனவர்கள் போராடுகிறார்கள். இரண்டு பாடத்தையும் ஒரே மேசையில் வைத்தால் நடுவில் ஒரு வழி தெரியும். பிடிக்கக்கூடிய அளவு, பிடிக்கக்கூடாத மாதம், எங்கிருந்து வந்தது என்று காட்டும் சீட்டு: இவை இரு நாட்டிலும் ஒன்றாக இருந்தால் கடத்தலுக்கு வேலை குறையும். இதை நீங்கள் மட்டும்தான் செய்ய முடியும்.

பறவைக்கும் இதே நிலைமைதான். தனுஷ்கோடியில் 2025 ஜூனில் பூநாரைகளுக்கு ஒரு சரணாலயம் வந்தது. எதிரே மன்னாரின் வங்காலை 2010 முதல் ராம்சார் ஈரநிலம், உலக முக்கியத்துவம் உள்ளதென்று பட்டியலில் ஏறிய இடம். இடையில் மன்னார்த் தீவில் காற்றாலைகள். காற்று மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் எந்த மாதத்தில் எந்த வழியாகப் பறவை கடக்கிறது என்ற வரைபடம் இரு கரையும் சேர்ந்து போட்டால்தான் முழுமையாகும், தூண் நடும் இடத்தையும் அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

கப்பல் விபத்தும் அப்படியே. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் எரிந்தபோது பிளாஸ்டிக் மணிகள் இலங்கைக் கரையெங்கும் குவிந்தன. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது அதே மாதிரி மணிகள் தனுஷ்கோடிக்கு வந்து, அப்புறம் மன்னார்க் கரையிலும் ஒதுங்கின. இரண்டு கடலோரக் காவல் படைகளுக்கும் இடையே பேச வசதி உண்டு. கரையில் மணி பொறுக்கும் மக்களுக்கு முன்கூட்டித் தகவல் சொல்ல ஓர் ஏற்பாடும் இல்லை.

இழுவைப் படகுக்காரரை வில்லனாக்கி எழுதுவது சுலபம். அவர்களில் பாதிப் பேர் எனக்குச் சொந்தக்காரர்கள். படகில் போகிறவர் பெரும்பாலும் கூலியாள். கைதாகிச் சிறையில் இருப்பதும் அவர்தான். இறால் ஏற்றுமதிக்காக மானியம் கொடுத்து இழுவைப் படகுகளை வளர்த்தது அரசு. 2017 ஜூலையில் ராமேசுவரத்தில் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடித் திட்டம், மூன்று ஆண்டில் 2000 இழுவைப் படகுகளை மாற்றும் என்று சொன்னது. ஒரு படகின் விலை 80 லட்சம். எழுபது சதவீதம் மானியம் போக மிச்சம் 24 லட்சத்தில் ஒரு பங்கு கையிலிருந்தும் ஒரு பங்கு கடனாகவும் வர வேண்டும். ஒரே இரவில் போய்த் திரும்பிப் பழகியவர்கள், வாரக்கணக்கில் கடலில் நின்று தூண்டில் போட்டுச் சூரை பிடிக்கும் தொழிலைப் புதிதாகக் கற்க வேண்டும். அதற்குத் துறைமுகமும் ஐஸும் பயிற்சியும் வாங்க ஆளும் வேண்டும். மாறியவை இலக்கில் ஒரு சிறு பகுதிதான். இழுவை மடிக்குக் கடைசித் தேதி சொல்லுங்கள் என்று நான் கேட்கும்போது, அந்தத் தேதிக்குள் ஒவ்வொரு படகையும் நியாயமான விலைக்கு வாங்கி உடைக்கப் பணத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். படகு இல்லாத கூலியாளுக்கும் அதில் பங்கு வேண்டும்.

இதெல்லாம் நடக்குமா என்பீர்கள். பக்கத்தில் நடந்திருக்கிறது. இந்தியாவும் வங்கதேசமும் 2011 செப்டம்பரில் சுந்தரவனத்தைக் காக்க ஓர் ஒப்பந்தம் போட்டன. கிழக்குக் கரையில் இந்தியாவின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வங்கதேசத்தின் தடை மே 20இல் தொடங்கி ஜூலை 23 வரை நீண்டதால், தங்கள் வலை சும்மா கிடக்கும்போது இந்தியப் படகுகள் வாரிப் போகின்றன என்று அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டு முறையிட்டார்கள். 2025இல் அந்த அரசு தடையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை என்று மாற்றிக்கொண்டது. மீனுக்கும் நல்லது, மனத்தாங்கலும் குறைந்தது.

தூரத்தில் வாடன் கடல் இருக்கிறது. நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் மூன்றின் கரையோரமும் கிடக்கும் ஆழமில்லாத கடல், எங்கள் விரிகுடா மாதிரியே பறவைக்கும் மீன்குஞ்சுக்கும் பேர்போனது. ஜெர்மனி மற்ற இரண்டையும் 1940இல் படையெடுத்துப் பிடித்த நாடு. அந்தத் தலைமுறை உயிரோடு இருந்தபோதே, 1978இல் மூன்று அரசுகளும் இந்தக் கடலுக்காகப் பேச உட்கார்ந்தன. 1987இல் வில்ஹெல்ம்ஸ்ஹாவன் நகரில் பொதுச் செயலகம் திறந்தார்கள். 1988இல் ஒரு வைரஸ் அந்தப் பக்கத்துக் கடல்நாய்களை ஆயிரக்கணக்கில் கொன்றபோது, கடல்நாய்க்கென்றே தனி உடன்படிக்கை எழுதினார்கள். மூன்று நாடும் ஒரே காலத்தில், ஒரே முறையில், வானிலிருந்து எண்ணுகின்றன. நாங்கள் கேட்பது அதில் கால்வாசி.

ஏன், எங்கள் கரையிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் அடிதடி முற்றிய 1970களின் கடைசியில், வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ராமேசுவரத்தில் இன்றும் டோக்கன் வாங்கித்தான் விசைப்படகு கடலுக்குப் போகிறது. 2010இல் சென்னையில் இரு கரை மீனவர்களும் உட்கார்ந்து, இழுவை மடியை ஓராண்டுக்குள் விட்டுவிடலாம் என்று பேசி முடித்தார்கள். அதைத் தூக்கி நிறுத்த அரசுகள் முன்வரவில்லை.

தடைக்காலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எங்கள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாள்தான் வடக்கு மாகாண மீனவருக்கு வலையை நிம்மதியாக விரிக்கும் காலம். அவரையும் நிறுத்தச் சொன்னால் அநியாயம். எந்த வலையை எந்த மாதத்தில் எந்தப் பரப்பில் நிறுத்துவது என்று இரு கரைச் சிறு மீனவர்களையும் வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் பக்கமும் தடை முடிந்த முதல் நாளே நூற்றுக்கணக்கான மடி ஒன்றாக இறங்கி, இரண்டு மாதம் தேறிய குஞ்சை இரண்டே நாளில் வாரிவிடுகிறது. அதற்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு இந்திய வனவிலங்கு நிறுவனத்தையும் தமிழ்நாடு வனத்துறையையும், அந்தப் பக்கம் வனசீவராசிகள் திணைக்களத்தையும் கடல்வள ஆய்வு செய்யும் நாரா நிறுவனத்தையும் அழையுங்கள். இரு கரையிலும் பாசி எடுக்கும், மீன் விற்கும் பெண்களில் சிலரையாவது கூப்பிடுங்கள். கரையோரக் கடல் எப்படி மாறிவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அந்தக் கூட்டத்திலேயே ஒரு முடிவு எடுங்கள்: ஒரே பருவத்தில், கோட்டின் இரு பக்கமும், ஒரே முறையில் கடற்புல்லை அளந்து ஆவுளியாவை எண்ணுவது. கச்சத்தீவு யாருக்கு என்ற வழக்கை இதற்குத் தீர்க்க வேண்டியதில்லை. அந்தோணியார் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் இரு கரை மக்களும் அங்கே போய்வர அனுமதிக்கிறீர்களே, ஆய்வுப் படகுக்கும் அதே மாதிரி ஓர் அனுமதி போதும்.

கூட்டத்தில் பேசியதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு மாதத்துக்குள் வெளியிடுங்கள். எந்த வேலையை யார், எந்தத் தேதிக்குள் முடிப்பார் என்பது அதில் இருக்கட்டும். எங்கள் ஏலக்கூடத்திலும் சங்கக் கட்டடத்திலும் ஒட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாக் விரிகுடாக் கரையிலிருந்து ஒரு மீனவர் மகள்